வ்யாக்யானங்களை அச்சு காத்ததா? – திவ்யப்ரபந்த உரைப் பதிப்புகள் பற்றிய ஓர் ஆய்வு



சிதம்பரத்துக்கு மேற்கே வீராணம் ஏரியை அடுத்துள்ள காட்டுமன்னார்கோயில் முற்காலத்தில் வீரநாராயணபுரம் எனப்பட்டது. ஸ்ரீமந்நாதமுனிகள் அவதரித்த ஸ்தலம் அது. அவர் ந்யாயதத்வம், யோகரஹஸ்யம் என்னும் இரண்டு க்ரந்தங்களை அருளிச்செய்தார் என்பது ஸம்ப்ரதாயம். அவ்விரண்டில் ஒன்றும் இன்று முழு வடிவில் இல்லை. ந்யாயதத்வம் பிற்கால ஆசார்யர்கள் எடுத்தாண்ட வாக்யங்களின் அளவிலேயே தெரியவருகிறது. அதே நாதமுனிகள் திருக்குருகூரில் கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் உரு அநுஸந்தித்து, நம்மாழ்வாரிடம் பெற்று, கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் இசையோடு கற்பித்த நாலாயிரமோ இன்றும் ஸந்நிதிதோறும் ஸேவிக்கப்படுகிறது. அவர் எழுதிவைத்தது மறைந்தது, ஓதுவித்தது நின்றது.

தில்லையிலோ வேறொரு வரலாறு வழங்குகிறது. நம்பியாண்டார் நம்பியும் சோழ மன்னனும் அறையைத் திறந்தபோது தேவார ஏடுகளைச் செல் மூடியிருந்தது என்றும், அரித்தவை போக எஞ்சியவையே தொகுக்கப்பட்டன என்றும் திருமுறை கண்ட வரலாறு கூறும். ஆக, ஒரே நாட்டுப் பகுதியில் இரண்டு மீட்புகள் நிகழ்ந்துள்ளன. ஒன்று வாய்மொழி வழியாக நிகழ்ந்தது. மற்றொன்று ஏட்டின் வழியாக நிகழ்ந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு ஒரு கேள்வி எழாமல் இராது. ஒரு நூலைக் காப்பது அது எழுதப்பட்ட பொருளா, அல்லது அதைக் கற்று மற்றவர்க்குக் கற்பிக்கும் ஆளா?

"அச்சு வந்தது; பூர்வாசார்யர்களின் வ்யாக்யானங்கள் பிழைத்தன" என்று பல முகவுரைகளிலும் விழா மலர்களிலும் எழுதப்படுகிறது. இதில் உண்மை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் முழு உண்மை இதுவன்று. அச்சு எதைக் காத்தது, எதை மறைத்தது, இனி எதைச் செய்யவேண்டும் என்பதைப் பிரித்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓலைக் காலத்தில் பதிப்பு

அச்சுக்கு முன்பு பதிப்பு என்ற செயலே இல்லை என்று எண்ணுவது தவறு. திருவாய்மொழி வ்யாக்யானங்களின் பெயர்களே இதற்குச் சான்று. ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி என்பவை பொருளால் வந்த பெயர்கள் அல்ல, அளவால் வந்தவை. முப்பத்திரண்டு எழுத்துக்கள் கொண்டது ஒரு க்ரந்தம். அந்தக் கணக்கின்படி ஈடு முப்பத்தாறாயிரப்படி ஏறத்தாழப் பதினொன்றரை லக்ஷம் எழுத்துக்கள் கொண்ட நூல். இருபத்துநாலாயிரம் ஸ்ரீராமாயணத்தின் அளவு என்றும், முப்பத்தாறாயிரம் ச்ருதப்ரகாசிகையின் அளவு என்றும் பெரியோர் ஒப்பிடுவர். நூலின் பெயரிலேயே அதன் எழுத்தளவு நின்றதால், பின்னால் ஏதேனும் குறைந்தாலோ மிகுந்தாலோ ஒருவன் ஐயுறுவதற்கு வழி இருந்தது. இது ஒரு வகைக் காவல்.

ஒன்பதினாயிரப்படிக்கு நடந்தது ஸம்ப்ரதாயத்தில் அனைவரும் அறிந்தது. நஞ்சீயர் தாம் அருளிச்செய்த வ்யாக்யானத்தைச் செம்மையாகப் படியெடுத்துத் தரும்படி நம்பூர் வரதராஜரிடம் கொடுத்தார். அவர் காவிரியைக் கடக்கையில் வெள்ளத்தில் ஓலைகள் போயின. கேட்ட அர்த்தங்களை நெஞ்சில் வைத்திருந்த வரதராஜர் முழு நூலையும் மீண்டும் எழுதினார். சில இடங்களில் விசேஷார்த்தங்களையும் சேர்த்தார். அதைக் கண்ட நஞ்சீயர் சினந்துகொள்ளவில்லை. உகந்து, அவரை 'நம்பிள்ளை' என்று அழைத்தார். இந்த வ்ருத்தாந்தத்தை ஆசார்ய அபிமானத்துக்கு உதாஹரணமாக மட்டும் சொல்வது வழக்கம். நூல் வரலாற்றுக்கும் இது உதாஹரணம். படியெடுத்தவர் காலக்ஷேபம் கேட்டவராக இருந்தமையால்தான் ஓலை போனபோது நூல் போகவில்லை.

ஈட்டின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. நம்பிள்ளை பகலில் அருளிச்செய்ததை வடக்குத் திருவீதிப்பிள்ளை இரவில் பட்டோலை கொண்டார். தம் நியமனம் இன்றி எழுதப்பட்டது என்பதால் நம்பிள்ளை அந்த ஏட்டை வாங்கிவைத்துக்கொண்டு, பின்னர் ஈயுண்ணி மாதவப்பெருமாளுக்குக் கொடுத்தருளினார். அவர் வழியாக அது நாலூர்ப்பிள்ளை, நாலூராச்சான்பிள்ளை, திருவாய்மொழிப்பிள்ளை என்று இறங்கி மணவாளமாமுனிகளை அடைந்தது. இந்த வரலாற்றை மாமுனிகளே உபதேசரத்தினமாலையில் பதிவு செய்துள்ளார். இன்றைய சொல்லில் சொல்வதானால், ஈடு பல தலைமுறைகள் வெளியிடப்படாத நூல். அதைப் பெற்றவர் அதை விளக்கவும் வல்லவராக இருக்கவேண்டும் என்பதே அந்தக் கட்டுப்பாட்டின் கருத்து. மாமுனிகள் அதைப் பெற்றதோடு நிற்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் திருமுன்பே ஓராண்டு அதைக் காலக்ஷேபம் ஸாதித்தார். ஈட்டில் வரும் மேற்கோள்களுக்கு ஆகரம் காட்டும் ப்ரமாணத்திரட்டையும் தொகுத்தார். மேற்கோளின் மூலத்தைத் தேடிக் காட்டுதல் அச்சுக் காலத்துப் பதிப்பாசிரியர்களின் கண்டுபிடிப்பு அன்று என்பதற்கு இத்திரட்டு ஒன்றே போதும்.

ஆனால் ஓலைக் காலத்தை மிகைப்படுத்திப் புகழ்வதும் முறையன்று. வ்யாக்யான சக்ரவர்த்தியான பெரியவாச்சான்பிள்ளை நாலாயிரத்துக்கும் உரை அருளினார். அதில் பெரியாழ்வார் திருமொழி உரையின் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. மாமுனிகள் அழிந்த பகுதிக்கு மட்டும் உரை இட்டு, பழைய உரை கிடைத்த இடத்தோடு நிறுத்திக்கொண்டார் என்பது ப்ரஸித்தம். பழைய உரையை விலக்கித் தம் உரையை நிறுத்த அவருக்கு யோக்யதை இல்லாமல் இல்லை. இருந்தும், பிள்ளையின் சொல் நிற்கும் இடத்தில் தம் சொல் வேண்டா என்று கருதினார். விடுபட்ட இடம் எது, தாம் நிரப்பிய இடம் எது என்பது படிப்பவனுக்குத் தெளிவாகத் தெரியும்படி ஒரு நூலைக் கையாண்ட முறை இது. இந்த எல்லைக்கோட்டைத் தற்காலப் பதிப்புகள் பலவற்றில் காண்பதற்கில்லை என்பதே பின்னால் வரும் விமர்சனத்தின் சாரம்.

அச்சு வந்த வழி

தமிழ் அச்சுக்கு இந்தக் கடற்கரை புதிதன்று. சிதம்பரத்துக்குத் தெற்கே தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனைச் சேர்ந்த ஸீகன்பால்கு நிறுவிய அச்சகத்தில் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. வடக்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் 1761இல் கைப்பற்றிய அச்சுப்பொறி சென்னை வேப்பேரிக்குச் சென்றது. ஆனால் நம் நாட்டார் தம் நூல்களைத் தாமே தடையின்றி அச்சிடுவது 1835ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகே பரவலாயிற்று. திருக்குறள் 1812இலேயே அச்சேறியிருந்தும், வைஷ்ணவ வ்யாக்யானங்கள் பெருமளவில் அச்சுக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

அப்போது எழுந்த முதற்கேள்வி பொருளைப் பற்றியதன்று, லிபியைப் பற்றியது. மணிப்ரவாள வ்யாக்யானத்தில் தமிழ்ச்சொல்லும் ஸம்ஸ்க்ருதச்சொல்லும் ஒரே வாக்யத்தில், சில இடங்களில் ஒரே பதத்தில், கலந்து நிற்கும். ஓலையில் தமிழுக்குத் தமிழெழுத்தும் வடசொல்லுக்குக் க்ரந்த எழுத்தும் இட்டு எழுதினர். அச்சில் இதைச் செய்ய இரண்டு வகை எழுத்துக்களையும் கோப்பவர் வேண்டும். க்ரந்தக் கூட்டெழுத்துக்களோ பல. ஆகவே சென்னையில் பல ஸம்ப்ரதாய நூல்கள் தெலுங்கு லிபியில் அச்சாயின. தெலுங்கில் வர்க்க எழுத்துக்கள் அனைத்தும் உண்டு. ஆந்த்ர தேசத்து வைஷ்ணவர்களும் படிக்கலாம். குறை என்னவெனில், ழகரத்துக்கு அங்கு வழக்கிலுள்ள எழுத்து இல்லை. ஆழ்வாரின் தமிழ் தெலுங்கில் அடங்கவேண்டியதாயிற்று. க்ரந்தமும் தமிழும் கலந்து அச்சிட்டவர்கள் இரண்டையும் காத்தனர். ஆனால் இரண்டையும் படிக்கவல்ல வாசகர் தொகை தலைமுறைக்குத் தலைமுறை குறைந்தது. தமிழெழுத்து மட்டும் கொண்டு அச்சிட்டவர்கள் வாசகரைப் பெற்றனர்; ஆனால் சொல்லின் உருவை இழந்தனர்.

இழந்தது சிறிதன்று என்பதற்கு இரண்டு சொற்கள் போதும். 'பலம்' என்று தமிழில் அச்சிட்டால், அது பேற்றைக் குறிக்கும் ப2லமா, ஷாட்குண்யத்தில் ஒன்றாகிய வலிமையைக் குறிக்கும் ப3லமா என்பது எழுத்தால் தெரியாது. உபாயம், பலன் என்ற விசாரம் நடக்கும் இடத்தில் எம்பெருமானுடைய ஜ்ஞான சக்த்யாதிகளும் உடன் பேசப்படுவதால், இடம் நோக்கி அறியலாம் என்ற ஸமாதானம் எல்லா இடத்திலும் செல்லாது. இரண்டாவது சொல் 'பரம்'. மேலான தத்வத்தைச் சொல்லும் பரமும், ந்யாஸத்தில் ஸமர்ப்பிக்கப்படும் சுமையாகிய ப4ரமும் தமிழெழுத்தில் ஒன்றே. சரணாகதியைப் பற்றிய வாக்யத்தில் இவை மாறினால் ஸித்தாந்தமே தடுமாறும். ஆசார்யன் வாயால் கேட்பவனுக்கு இந்த ஸந்தேஹம் எழாது, உச்சரிப்பே தீர்த்துவிடும். புத்தகத்தை மட்டும் பார்ப்பவனுக்கே எழும். அல்லது, எழவேண்டிய இடத்தில் எழாமல் போகும். அதுவே பெரிய ஆபத்து.

பதிப்புகளின் குணதோஷங்கள்

இருபதாம் நூற்றாண்டில் இத்துறைக்கு உழைத்தவர்கள் பலர். அவர்கள் எதிர்கொண்ட இடையூறுகளை மறந்துவிட்டுக் குறை கூறுவது அபசாரம். அவர்கள் செய்ததைத் துதித்து மட்டும் விட்டுவிடுவதும் அவர்களுக்குச் செய்யும் கைங்கர்யம் ஆகாது.

சே. கிருஷ்ணமாசாரியர் 1920களில் தொடங்கிப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட பகவத்விஷயம் இத்துறையில் ஒரு மலை. திருவாய்மொழியின் பல வ்யாக்யானங்களை ஒரே பாசுரத்தின் கீழ் அடுக்கித் தந்தது அதன் தலையாய குணம். முன்பு ஒன்பதினாயிரத்தையும் ஈட்டையும் ஒப்பிடவேண்டுமானால் இரண்டு ஏடுகளை இரண்டு இல்லங்களில் தேடவேண்டும். இப்பதிப்பால் அது ஒரு பக்கத்தைத் திருப்பும் வேலையாயிற்று. ஒரு பதத்துக்கு ஆசார்யர்கள் எங்கே ஒத்துச் செல்கின்றனர், எங்கே வேறு நிர்வாஹம் அருளுகின்றனர் என்பது கண்ணுக்கே புலனாயிற்று. பேச்சால் மட்டும் செய்யமுடியாத ஒன்றை அச்சு செய்த இடம் இது. அச்சின் மெய்யான உபகாரம் எது என்று கேட்டால், இதையே முதலில் சொல்லவேண்டும்.

காஞ்சீ ப்ரதிவாதிபயங்கரம் அண்ணங்கராசாரியர் ஸ்வாமி நூல்களை மலிவாகவும் தொடர்ந்தும் வெளியிட்டு, கற்பவர் கைக்குக் கொண்டுசேர்த்தார். திவ்யார்த்த தீபிகை என்ற உரையால் வ்யாக்யானங்களின் சாரத்தைப் பயில்வோர்க்கு எளிதாக்கினார். எம்பெருமானார் க்ரந்தங்களோடு நில்லாமல் தேசிக க்ரந்தங்களையும் அவர் பதிப்பித்தது, கலை வேற்றுமையைக் காட்டிலும் க்ரந்த ரக்ஷணம் பெரிது என்று கருதியதற்கு அடையாளம். உத்தமூர் வீரராகவாசாரியர் ஸ்வாமி உபய வேதாந்த க்ரந்தமாலையின் வழி வடமொழி நூல்களையும் திவ்யப்ரபந்த உரையையும் ஒருசேரக் கொணர்ந்தார். புத்தூர் கிருஷ்ணஸ்வாமி ஐயங்கார் 'ஸ்ரீவைஷ்ணவ ஸுதர்சனம்' இதழின் வழியும் நூல்களின் வழியும் வ்யாக்யானங்களைத் தமிழெழுத்தில் படிக்கும் கூட்டத்தை உண்டாக்கினார். இவர்கள் அனைவரும் காலக்ஷேப பரம்பரையில் வந்து பதிப்பித்தவர்கள். அதனால் பொருளில் வழுவவில்லை.

ஆனால் பொதுவாக இத்துறைப் பதிப்புகள் பலவற்றில் ஒரு குறை உண்டு. எந்த ஏட்டைக் கொண்டு அச்சிட்டது, அது யார் இல்லத்தது, எத்தனை ஏடுகள் ஒப்பிடப்பட்டன, பாடம் மாறும் இடத்தில் எது விலக்கப்பட்டது என்ற குறிப்பு அரிதாகவே காணப்படுகிறது. 'பெரியோர்கள் ஏடுகளைக் கொண்டு பரிசோதித்து' என்ற ஒரு தொடரோடு விஷயம் முடிந்துவிடும். முதலில் அச்சான பாடமே அடுத்த பதிப்புக்கும் மூலமாகிறது. மூன்றாம் பதிப்பில் புகுந்த கோப்புப் பிழை நான்காம் பதிப்பில் பாடபேதமாக மரியாதை பெறுகிறது. ஏட்டிலோ பெரும்பாலும் புள்ளி இராது. ஏகார ஓகாரங்களுக்கு நெடில் வேறுபாடு இராது. ரகரமும் காலும் ஒன்று போல் இருக்கும். ஆகவே ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த ஒவ்வொரு வரியும் பதிப்பித்தவரின் ஒரு தீர்மானம். அத்தீர்மானத்தின் காரணம் சொல்லப்படாதபோது, படிப்பவன் அதைப் பூர்வாசார்யரின் எழுத்தென்றே கொள்கிறான். அழிந்த இடத்தையும் நிரப்பிய இடத்தையும் பிரித்து வைத்த மாமுனிகளின் முறை இதற்கு நேர்மாறானது.

இதை வேறு விதமாகவும் செய்யலாம் என்பதைக் கற்க வெகுதூரம் போகவேண்டியதில்லை. சீவகசிந்தாமணியை 1887இல் வெளியிட்ட உ.வே. சாமிநாதையர், 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாக்ஷி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்தார். ஏடு தந்தவர் பெயரையும் ஊரையும் முகவுரையில் நன்றியோடு எழுதுவதும், பாடபேதங்களை அடிக்குறிப்பில் காட்டுவதும், உரையாசிரியர் எடுத்தாண்ட மேற்கோள்களுக்கு அகராதி சேர்ப்பதும் அவர் பதிப்புகளின் இயல்பு. சமண காவ்யத்தைச் சைவரான ஒருவர் சமணர்களிடம் கேட்டுத் தெளிந்து இவ்வாறு பதிப்பித்தார். நம் ஆசார்யர்களின் உரைக்கு நாமே அவ்வளவு செய்யவில்லை என்பது வருந்தத்தக்கது.

மூலபாடம் பற்றியும் ஒரு சொல். மர்ரே ராஜம் 1950களில் ஸந்தி பிரித்து வெளியிட்ட மலிவுப் பதிப்புகளால் பல்லாயிரம் பேர் பழந்தமிழ் நூல்களைத் தாமே படிக்க முடிந்தது. திவ்யப்ரபந்தமும் அவ்வரிசையில் வந்தது. இந்த உபகாரத்தைக் குறைத்துச் சொல்லவொண்ணாது. ஆனால் ஒரு பாசுரத்தின் தொடரை இரண்டு வகையாகப் பிரித்து இரண்டு யோஜனைகள் அருளுவது வ்யாக்யாதாக்களின் வழக்கம். மூலத்திலேயே ஒரு பிரிவு அச்சாகிவிட்டால் மற்ற யோஜனைக்கு இடமில்லாமல் போகிறது. வ்யாக்யானத்தோடு சேர்த்து அச்சிடும் மூலத்தையாவது ஸேவாக்ரமத்தில் உள்ளபடி, ஸந்தியோடும் சீரோடும் விட்டு, பிரிவைப் பதவுரையில் காட்டுவதே தகும்.

தமிழாக்கம் என்ற தனிவழி

புருஷோத்தம நாயுடுவின் ஈட்டின் தமிழாக்கத்தைச் சென்னைப் பல்கலைக்கழகம் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. மணிப்ரவாளம் தெரியாத தமிழ் மாணவர்க்கு ஈட்டின் வாசலைத் திறந்தது அந்த நூல். கோயில் மண்டபத்துக்கும் இல்லத்துத் திண்ணைக்கும் வெளியே, வகுப்பறையில் நம்பிள்ளையின் பேர் ஒலித்தது அதனால்தான். அதைப் பயின்ற பிறகே பலர் மூல ஈட்டைத் தேடிச் சென்றனர். ஆகவே தமிழாக்கம் மூலத்துக்குப் பகை என்பாரின் கூற்று ஏற்கத்தக்கதன்று.

எனினும் தமிழாக்கம் என்ற முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஸௌலப்யம் என்பதை இக்காலத்தார் பலர் 'எளிமை' என்று பெயர்ப்பர். இன்றைய வழக்கில் எளிமை ஆடம்பரமின்மையைக் குறிக்கும், வறுமையையும் குறிக்கும். பெறுதற்கு எளியனாயிருத்தல் என்ற ஸௌலப்யப் பொருள் அதில் நேராக நிற்பதில்லை. இதற்கு மருந்து ஈட்டிலேயே இருக்கிறது. வ்யாக்யாதாக்கள் ஸம்ஸ்க்ருதத்தை மட்டும் நம்பியவர்கள் அல்லர். பரத்வத்தை 'மேன்மை' என்றும், ஸௌலப்யத்தை 'நீர்மை' என்றும், புருஷார்த்தத்தைப் 'பேறு' என்றும் அவர்களே தமிழில் வழங்கினர். எங்கே 'மேன்மை' என்கிறார்கள், எங்கே 'பரத்வம்' என்கிறார்கள் என்பதில் ஒரு சுவை உண்டு. சில இடங்களில் ஒரு காரணமும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே தமிழாக்கினால் அந்த வாசி மறைகிறது. எல்லாவற்றையும் புரியாத எழுத்தில் விட்டால் நூலே மறைகிறது. தமிழாக்குவோர் அகராதியை நாடுவதற்கு முன் ஈட்டின் தமிழையே நாடுவது நலம்.

பள்ளியும் அச்சகமும்

ஆறுமுக நாவலர் 1849இல் யாழ்ப்பாணத்தில் அச்சகம் நிறுவினார். 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவர் கொள்கை வேறு. ஆனால் அவர் கண்ட உண்மை எல்லாச் சமயத்தார்க்கும் பொது. புத்தகம் அச்சிட்டவன் அதைப் படிக்கத் தெரிந்தவனையும் உண்டாக்கவேண்டும். வைஷ்ணவ உலகில் அச்சு பெருகிய அதே காலத்தில் காலக்ஷேபம் கேட்போர் தொகை சுருங்கியது. புத்தகம் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் அதற்கு ஒரு காரணம். எப்போது வேண்டுமானாலும் என்பது பெரும்பாலும் ஒருபோதும் இல்லை என்றாகிறது.

புத்தகமும் நிலைப்பதில்லை. பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட இல்லங்களைப் பற்றி வருந்திப் பேசுகிறோம். நூறாண்டுக்கு முன் அச்சான க்ரந்த, தெலுங்கு லிபிப் புத்தகங்கள், வீட்டில் படிப்பார் இல்லை என்ற காரணத்தால் இன்று எடைக்குப் போகின்றன. நன்றாகப் பேணிய பனையோலை சில நூற்றாண்டுகள் நிற்கும். அக்காலத்து ஆலைக் காகிதமோ பல புத்தகங்களில் இன்றே பழுத்து, திருப்பும்போதே ஒடிகிறது. ஆயிரம் படிகள் அச்சானதால் நூல் அழியாது என்பது தைர்யம் மட்டுமே. ஆயிரமும் ஒரே வயதில் முதுமை அடைகின்றன.

இக்காலத்தில் பழம்புத்தகங்களைப் படம்பிடித்துக் கணினியில் ஏற்றும் கைங்கர்யம் பல இடங்களில் நடக்கிறது. மிக நல்லது. ஆனால் படத்திலுள்ள எழுத்தைக் கணினி தானே படித்துத் தமிழெழுத்தாக மாற்றித் தரும்போது, பழைய 'பலம்', 'பரம்' என்ற சிக்கல் புதிய வடிவில் திரும்ப வருகிறது. க்ரந்த எழுத்தை அறியாத ஒருவர் அதைத் திருத்தினால், ப4ரம் பரமாகி, அந்தப் பரமே நாளைய உரைகளுக்கு மூலமாகும். முன்பு ஒரு பிழை அடுத்த பதிப்பை அடையப் பல ஆண்டுகள் ஆயின. இனி ஒரே நாளில் எங்கும் பரவும்.

செய்யவேண்டியவை

மேற்சொன்னவற்றிலிருந்து அடுத்து வரும் வ்யாக்யானப் பதிப்புக்குச் சில நியமங்கள் பெறப்படும். வடசொற்களைத் தமிழெழுத்தில் அச்சிடுவதானால், வர்க்க எழுத்துக்களுக்கு 2, 3, 4 என்ற எண்களைத் தவறாமல் இடவேண்டும். இது புதிய ஏற்பாடன்று. ஸ்தோத்ரப் புத்தகங்களில் நெடுநாளாக உள்ளது. வ்யாக்யானத்தில் இதைச் சோர்வின்றிச் செய்தால் க்ரந்தம் அறியாதவனும் ப2லத்தையும் ப3லத்தையும் பிரித்தறிவான். அடுத்து, எந்த ஏடு, எந்த அச்சுப்பிரதி என்பதை முதற்பக்கத்திலும், பாடம் மாறுமிடத்தை அடியிலும் காட்டவேண்டும். அரும்பத உரையையும் ப்ரமாணத்திரட்டையும் செலவு கருதி விலக்கலாகாது. அவை இல்லாத ஈடு திறவுகோல் இல்லாத பேழை. பதிப்பித்தவர் சேர்த்த சொல் ஒவ்வொன்றும் பகர அடைப்புக்குள் நிற்கவேண்டும்.

இந்தப் பணிக்கு வேண்டியவர்கள் இரண்டு மொழியிலும் வல்லவர்கள். அத்தகையோரை உண்டாக்கும் வாய்ப்பு இந்த ஊருக்கு ஒரு காலத்தில் இயல்பாகவே அமைந்தது. சிதம்பரத்தில் மீனாக்ஷி கல்லூரியோடு தமிழ்க் கல்லூரியும் ஸம்ஸ்க்ருதக் கல்லூரியும் அருகருகே இயங்கின; அவை சேர்ந்தே 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. 'செந்தமிழ்' இதழின் முதல் ஆசிரியரும் சாகுந்தலத்தைத் தமிழில் தந்தவருமான ரா. இராகவையங்கார் அண்ணாமலை நகரில் தமிழாராய்ச்சித் துறையை நடத்தினார். ஒரே ஆளிடம் இரண்டு வேதமும் இருக்கக்கூடும் என்பதற்கு அவர் ஸாக்ஷி. இத்தகைய சூழலில் தமிழ் மாணவன் க்ரந்த லிபி கற்பதும், ஸம்ஸ்க்ருத மாணவன் ஈட்டின் தமிழ் கற்பதும் கடினமன்று. க்ரந்த லிபியை அடையாளம் காண ஊக்கமுள்ளவனுக்குச் சில வாரங்கள் போதும். காலக்ஷேபத்துக்கோ ஆண்டுகள் வேண்டும். எனவே லிபியை உடனே தொடங்கவேண்டும்.

தில்லைத் திருச்சித்ரகூடத்தைக் குலசேகரப்பெருமாளும் திருமங்கை மன்னனும் மங்களாசாஸனம் செய்துள்ளனர். பெருமாள் திருமொழியின் கடைசிப் பதிகம் ஸ்ரீராமாயணம் முழுவதையும் இந்த ஸந்நிதியில் வைத்துப் பாடியது. அதற்குப் பெரியவாச்சான்பிள்ளை அருளிய வ்யாக்யானம் அழியாமல் கிடைத்துள்ளது. பெரிய திட்டங்களுக்குக் காத்திராமல் இந்த ஒரு பதிகத்தின் உரையை எடுத்துக்கொண்டு, கிடைக்கும் ஏடுகளையும் அச்சுப்பிரதிகளையும் ஒப்பிட்டு, மேலே சொன்ன நியமங்களின்படி ஒரு சிறு பதிப்பு கொணரலாம். பதினொரு பாசுரங்களின் உரை என்பது இரண்டு மாணவர்களும் ஓர் ஆசார்யரும் ஓராண்டில் முடிக்கக்கூடிய வேலை. முடிந்தபின் அதைக் கையில் வைத்துக்கொண்டு கோவிந்தராஜன் ஸந்நிதியில் காலக்ஷேபமும் நடக்கவேண்டும். கேட்டவர்களில் ஒருவரேனும் அடுத்த பதிகத்துக்கு ஏடு தேடப் புறப்பட்டால், அப்போதுதான் அச்சு அந்த வ்யாக்யானத்தைக் காத்தது என்று சொல்லத் தகும்.